பங்களா பைப்புக்குச் சுற்றிய படங்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு திருடர். அவருக்குக் கையாளாக இருந்தவன் நான், பங்களாவில் பைப் வேலை பார்ப்பவன்.

தை மாதப் பனியில், பங்களாவின் பலகைத் தளத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் நனையாமல் இடுப்பில் கட்டிக்கொள்ள வந்திருந்த புதுப் படங்குகளை எடுத்து, மறுபடி உறையாதபடி புதுக் குழாயில் சுற்றச் சொன்னார் துரை. தவழ்ந்து போய் இறுக்கிச் சுற்றினேன்.

மறுநாள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பார்வதி அக்கா கிழிந்த உரச்சாக்கைக் கட்டியிருந்தார். நனைந்த சேலை காலோடு ஒட்டியிருந்தது.

“படங்கு வந்துச்சா தம்பி?”

“இன்னும் வரலக்கா.”

“சரி விடு. நேத்து பூரா பங்களாவுக்கு அடியில கெடந்தியாமே. சளி புடிக்கப்போகுது, இந்தத் தேத்தண்ணியக் குடி.”

குடித்தேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

துரை அவர்களே, நாளைக் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அத்தனை பெண்களுக்கும் முன்னால் சொல்லுங்கள், அவர்களுடைய படங்குகள் எங்கே என்று. பக்கத்தில் நானும் நிற்கிறேன்.