காதர் பேசாமல் நின்ற நூற்று முப்பது வினாடி

1936, பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். பனி விலகிய இளவெயில். பூந்தமல்லியில் நாங்கள் பயின்ற ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில், ஒரு நல்ல ஆசிரியனைப் பற்றி நான் பொய் எழுதினேன்.

ஆம், தெரிந்தே எழுதினேன்!

எங்கள் வழக்கம் இது: ஒருவன் பாடம் நடத்துவான், இன்னொருவன் மேற்பார்வை ஆசிரியரோடு பின்வரிசையில் அமர்ந்து குறைகளைக் குறிப்பான். அன்று நடத்தியவன் என் தோழன் காதர். மேற்பார்வையாளரை அலுவலகத்துக்கு அழைத்துவிட்டார்கள். தம் கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் என்னிடம் தந்தார். "நீதான்யா எதையும் எண்ணுறவன். எழுதி வை."

நல்லாசிரியன் யார்? உரத்த குரல், நேரான கரும்பலகை எழுத்து, ஒரு நொடியும் ஓயாத வாய்... இருபத்திரண்டு பயிற்சி மாணவர்களும் அப்படித்தான் நம்பினோம். காதர் மட்டும் நம்பவில்லை.

"அரைக்குள்ள எத்தனை கால் கீது?" என்று, பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்த மாதிரிப் பள்ளியின் மூன்றாம் வகுப்பைக் கேட்டான். பதிலில்லை. அவன் விளக்கவில்லை, அதட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார் மறந்துட்டாரு டோய்!" என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்து அடங்கியது. காதரும் சிரித்தான், வாய் திறக்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். நூறு வினாடி... நூற்று இருபது... பிள்ளைகளின் விரல்கள் தரையில் கோடு கிழித்தன. என்ன அழகு அது! நாற்பது தலைகள் யோசிப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நூற்று முப்பதாம் வினாடியில் ஒரு சிறுமி எழுந்தாள். "சார், அர தோசய ரெண்டா பிட்டா கால் காலா ஆவுது. எங்க ஊட்ல எனக்கும் தம்பிக்கும் அப்டித்தான் குடுப்பாங்கோ. ரெண்டு சார்!"

எனக்கு மெய்சிலிர்த்தது. என்ன எழுதினேன் தெரியுமா? "ஆசிரியர் விடை தோன்றாமல் 130 வினாடி வாளாவிருந்தார். வகுப்பில் கட்டுப்பாடு இல்லை." சிறுமியின் பதிலை எழுதவேயில்லை.

ஏன்? அந்த மாதிரிப் பள்ளியில் காலியாக இருந்தது ஒரே ஆசிரியர் இடம். போட்டியில் நாங்கள் இருவர். அவ்வளவுதான்... அவ்வளவேதானா? என்னால் ஒருபோதும் அப்படி நிற்க முடியாது என்ற பொறாமையும் இல்லையா?

அந்தக் குறிப்பால் காதர் போதனைத் தேர்வில் தவறினான். தன் அத்தாவின் தகரப் பட்டறைக்குப் போகுமுன் என் தோளைத் தட்டினான்.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சி ஏன் தொங்குது? நீ நல்லதாத்தான் எய்தியிருப்பே. மேல கீறவங்களுக்குப் புரியல, வுடு. தகரத்தண்ட பதிலு கேக்கற வேலயே இல்ல!"

நான் தலையாட்டினேன். எழுதியதைவிட அந்தத் தலையாட்டல்தான் பெரிய பொய். அவன் இறக்கும்வரை அதைத் திருத்தவில்லை.

அந்த இடம் எனக்குக் கிடைத்தது. முப்பத்தொரு வருடம் ஓயாமல் பேசினேன். நல்ல வாத்தியார் என்றார்கள். வருடத்துக்கு நாற்பது பிள்ளைகள், கூட்டிப் பார்த்துவிட்டேன். காதரிடம் படித்திருக்க வேண்டியவர்கள் ஆயிரத்து இருநூற்று நாற்பது பேர். அவர்களுக்கு வாய்த்தவன் நான்.