ஊமையனின் முதல் ஆல்பம்

பேஸ் கிடார் வாசிப்பவனை மேடையில் யாரும் பார்ப்பதில்லை. ஊமையனையும் பார்க்கவில்லை. ஜாஸையும் ராக்கையும் கலந்து வாசிக்கும் குழு ஒன்றில், தலை நரைக்கும்வரை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் ஓரமாக நின்று வாசித்தான். வாயைத் திறக்கமாட்டான் என்பதால் குழுவில் வைத்த பெயர் அது. பேட்டிகளில் யாராவது அவனைப் பற்றிக் கேட்டால், குழுவின் தலைவரான கிடார்காரர், "அவன் வீட்டுச் சுவர் மாதிரி. சாஞ்சுக்கலாம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஊமையனும் சிரித்து வைப்பான்.

ஒருநாள் ஒத்திகையில், தான் அமைத்த மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டினான். அதற்கு வரி கிடையாது, பாடகர் கிடையாது. பதினோரு எண்ணிக்கையில் சுற்றிவரும் தாளம். பேஸ் முன்னால் வந்து பேசும். பாதியிலேயே கிடார்காரர் தன் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"இதைக் கேக்க ஆள் வேணும்னா நீயே பெத்துக்கணும்பா."

அன்றே ஊமையன் வெளியேறினான். கூடவே கிளம்பியது டிரம்ஸ்காரன் ஒருவன்தான். அவனை இடி என்று கூப்பிடுவார்கள். "நீ போற இடத்துக்குத் தாளம் வேணாமா?" என்று கேட்டபடியே இடி தன் டிரம்ஸை வேனில் ஏற்றினான்.

இடி வீட்டு கார் ஷெட்டில், சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்து ஒத்திகை பார்த்தார்கள். பிறகு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அதற்குள் இடியின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வேகமான இடங்களில் குச்சி ஒரு மயிரிழை பிந்தியது. அந்த மயிரிழை ஊமையனுக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. இடியின் தோளைத் தட்டி, "பிரமாதம்டா" என்றான். இடி வீட்டுக்குப் போனதும் ஒலிப்பதிவாளரிடம் திரும்பினான்.

"இவன் வாசிச்சதை எல்லாம் அழிச்சுடுங்க. வேற ஆள் வரான்."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

ஆல்பத்தின் வெளியீட்டு நாளில் இடி மனைவியோடும் மகளோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பதிவை ஒலிக்கவிட்டார்கள். "எங்கப்பா வாசிக்கறது" என்று மகள் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு அடி கேட்டதுமே இடிக்குப் புரிந்துவிட்டது. மகளுக்காக, யாரோ வாசித்த தாளத்தைத் தன் தொடையில் கடைசிவரை தட்டிக்கொண்டே இருந்தான்.

வாசலில் இடியின் மனைவி ஊமையனை நிறுத்தினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொல்லியிருந்தா வேலை கெட்டிருக்கும்மா."

ஆல்பம் பேர் வாங்கியது. விமர்சனம் எழுதியவர்கள் எல்லாரும் டிரம்ஸைத்தான் தூக்கி வைத்துப் பேசினார்கள். ஊமையன் முகத்தோடு சுவரொட்டிகள் வந்தன. தனிக் கச்சேரிகளுக்கு அரங்கு நிறைந்தது. கிடார்காரரோ போகிற இடமெல்லாம், "நம்பி வந்தவனை நடுத்தெருவுல விட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வாயை அடைக்க ஊமையன் ஒரு வழி கண்டுபிடித்தான். இடியை மேடைக்குக் கூப்பிட்டான்.

"அந்தப் பதினோரு எண்ணிக்கைச் சுத்து இருக்குல்ல, அதை நீயே வாசிடா."

"நிஜமாவா சொல்றே?" இடி மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில்கூடத் தட்டிப் பழகினான்.

கிடார்காரருக்கு மூன்றாவது வரிசையில் இருக்கை கிடைக்கும்படி ஊமையனே பார்த்துக்கொண்டான்.

பாதிவரை இடி நன்றாகத்தான் வாசித்தான். பிறகு கை இறுகியது. ஊமையனைப் பார்த்தான். கொஞ்சம் நிதானமாகப் போ என்று கெஞ்சும் அந்தப் பார்வை வாசிக்கிறவன் எவனுக்கும் புரியும். ஊமையனுக்கும் புரிந்தது. வேகத்தைக் கூட்டினான். குச்சி நழுவி மேடை விளிம்புவரை உருண்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. ஒற்றைக் கையால் தாளத்தைத் துரத்திப் பார்த்த இடி, நடுவில் நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்தான். ஊமையன் தனியாக முடித்தான். மைக்கைப் பிடித்தான். மேடையில் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"இப்ப தெரியுதா?" என்றான், மூன்றாவது வரிசையைப் பார்த்து.

மேடைக்குப் பின்னால் இடியின் மணிக்கட்டுப் பட்டையை அவன் மனைவி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவே இல்லை. இடிதான், "கெடுத்துட்டேன்டா, மன்னிச்சுடு" என்றான்.

"பரவாயில்ல, விடு."

வீட்டுக்குப் போகும் வழியில் ஊமையனின் மனைவி காருக்குள் சொன்னாள்: "எனக்கு எப்ப வேகம் பத்தாமப் போகுதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. நானே கிளம்பிடறேன்."

அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

அதற்குப் பிறகும் ஆல்பங்கள் வந்தன. ஆனால் எந்த டிரம்ஸ்காரனும் அவனிடம் நிலைக்கவில்லை; வாசிக்கும்போது எங்கே பிந்திவிடுமோ என்று ஆளாளுக்குத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தாளத்துக்கு ஒரு மெஷினை வாங்கி வைத்துக்கொண்டான். அது பிந்துவதில்லை. இடி ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். ஒரு சிக்னலில் இரண்டு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இடி முகமெல்லாம் மலர்ந்து கையை ஆட்டினான். ஊமையன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, விளக்கு மாறக் காத்திருந்தான்.