எச்சில் படாத ஃபோல்டர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டாலைக்குப் பின்புறம், வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் மூன்று பேர். நான், எனக்கு முன்பே சேர்ந்த அண்ணா, கணக்கையும் போனையும் பார்த்துக்கொள்ளும் அக்கா. முதலாளி இருக்கிறார், ஆனால் அவரைக் குரலாகத்தான் அதிகம் தெரியும்.

எடைமேடைகளுக்கு சாஃப்ட்வேர் செய்வது எங்கள் தொழில். லாரி காலியாக மேடையில் ஏறினால் ஓர் எடை, சரக்கோடு ஏறினால் இன்னோர் எடை. இரண்டையும் கழித்து ஒரு சீட்டு அடித்துத் தர வேண்டும். சொல்ல எளிது. அந்தச் சீட்டுக்குள் தமிழ், தெலுங்கு, பிரிண்டரின் கோபதாபங்கள் எல்லாம் அடக்கம். ஒவ்வொரு தொழிற்சாலை கேட்டிலும் இருக்கும் கம்ப்யூட்டருக்கு எங்கள் புரோகிராமை ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புவோம். பேக்கேஜ் என்று பெயர். கட்டுவதற்கு வேண்டிய மூலம், அதாவது நாங்கள் எழுதும் சோர்ஸ், ஆபீஸ் சர்வரில் இருக்கும். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதையெல்லாம் அந்த சர்வர் நினைவு வைத்துக்கொள்ளும். அதிலிருந்து ஒரு நகலை அவரவர் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு வேலை செய்வோம்.

மதியச் சாப்பாட்டையும் நாங்கள் ஏறக்குறைய இப்படித்தான் நடத்துவோம். மூன்று பேர் டப்பாவும் நடுவில் திறந்திருக்கும், அவரவர் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வோம். அண்ணாவுக்கு ஒரு பழக்கம். பேச்சு சுவாரசியமானால் சாப்பிடும் கையாலேயே நடு டப்பாவிலிருந்து வத்தலை எடுத்துவிடுவார்.

“டேய், எச்சக்கை! கரண்டி எதுக்குக் கீது?” என்பார் அக்கா.

“ஒரே ஒரு வத்தல்தான்க்கா.”

“ஒரு வத்தலோ ஒம்போது வத்தலோ, எச்சில் எச்சில்தான். இனிமே அந்த டப்பா உன்னுது. நீயே முழுங்கு.”

அவர் முழுங்குவார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அண்ணா பேக்கேஜ் கட்டும் விதத்தை முதல்முறை பார்த்தபோது இந்தச் சண்டைதான் நினைவுக்கு வந்தது. சோர்ஸ் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே கட்டுவார். கட்டும்போது உண்டாகும் அரைகுறைப் பொருட்களெல்லாம் அங்கேயே கிடக்கும். ஒருநாள் அவர் பின்னால் நின்று பார்த்தேன். போன மாதம் கட்டியவற்றின் மிச்சம், ஏதோ ஒரு அரிசி ஆலைக்காகப் போட்ட சீட்டு அமைப்பு, ‘பழசு’ என்றொரு ஃபோல்டர், அதற்குள் ‘ரொம்பப் பழசு’, அதன் பக்கத்தில் யாருடைய ஆதார் நகலோ. கட்டுகிற கருவி ஒவ்வொரு முறையும், இந்த ஃபோல்டர் சர்வரில் இருப்பதைப்போல் இல்லை, கட்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கண்டுகொள்ளாதே என்று அதற்கு ஒரு கட்டளை உண்டு. அண்ணாவின் விரல் யோசிக்காமல் அதை அடிக்கும்.

“அண்ணா, இது எச்சில் பண்ண டப்பா மாதிரி இருக்கு” என்றேன். “சோர்ஸை நடு டப்பாவா வச்சிக்கோங்க. அதிலிருந்து வேற ஃபோல்டருக்கு எடுத்துப் போட்டு அங்க கட்டுங்க. கட்டினது மூணாவது ஃபோல்டருக்குப் போகட்டும். நடு டப்பாவில கை படவே கூடாது.”

“ஓடுது இல்ல? ஓடுறதை ஏம்மா நோண்டுறே?”

ஓடியது உண்மை. ஆனால் அவருடைய லேப்டாப்பில் மட்டும் ஓடியது. அதே சோர்ஸை என் கம்ப்யூட்டரில் இறக்கிக் கட்டினால் பாதியில் நின்றுவிடும். நான் தினமும் எச்சில் எச்சில் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். சுத்தமில்லாத ஃபோல்டரிலிருந்து கட்டினால், பதிப்பு எண்ணுக்குப் பின்னால் அழுக்கு என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லை எங்கள் கருவி தானாகச் சேர்க்கும். என்னைக் கிண்டல் செய்ய அண்ணா அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தமிழிலேயே ‘எச்சில்’ என்று போட்டு வைத்தார். நானும் அக்காவும் பார்த்துச் சிரித்தோம். அப்படியே விட்டுவிட்டோம்.

இதற்கிடையில் அண்ணாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர் ஊரான பள்ளிப்பட்டில்தான் மண்டபம். முதலாளி லீவு கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

“லேப்டாப்பையும் தூக்கினு போயிடுப்பா. எப்பனா ஒரு அவசரம்னா, உன்னாலதானே கட்ட முடியும்?”

அண்ணா இதைப் பெண்ணிடம் போனில் சொல்லியிருக்கிறார். வந்த பதிலை எங்களிடம் ஒப்பித்தபோது அவர் முகத்தில் பெருமையும் பயமும் சரிபாதி இருந்தன.

“‘மண்டபத்துக்குள்ள அது வந்துச்சுன்னா நான் வரமாட்டேன்’னுடுச்சுக்கா.”

“வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கும்” என்றார் அக்கா.

“இல்லக்கா. நிச்சயதார்த்தத்தன்னிக்கு ஒரு கேட்டுல பிரிண்டர் பேஜாரு பண்ணிச்சு இல்ல? தட்டு மாத்தும்போது நான் மொட்டைமாடியில போன்ல இருந்தேன். அதுலருந்து அது சீரியஸாத்தான் பேசுது. எங்க நைனா வேற அது பக்கம்.”

ஆக விஷயம் இதுதான். அவர் லீவு தொடங்குவதற்குள் வேறு ஏதாவது கம்ப்யூட்டரில் சுத்தமாக பேக்கேஜ் கட்ட முடிய வேண்டும். இல்லையென்றால் லேப்டாப்பும் மாப்பிள்ளை அழைப்பில் வரும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, ஒரு ஸ்டீல் தொழிற்சாலையின் கேட்டுக்குப் புது பேக்கேஜ் அனுப்பிவிட்டு அண்ணா எல்லோருக்கும் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தத் தொழிற்சாலையிலிருந்தே போன். எடைமேடையில் உட்காரும் எழுத்தர். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“எம்மா, இன்னாமா சீட்டு இது? கீழ எச்சில்னு அடிச்சிக்கினு வருது!”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

“டிரைவர் கையில வாங்க மாட்டேன்றாரு. யாரைப் பாத்து எச்சைன்றேன்னு சண்டைக்கு நிக்கிறாரு. மேடையில இருந்து வண்டிய எடுக்கல. பின்னால லைன் கட்டிக்கினு நிக்குது வண்டிங்கோ.”

பின்னணியில் அந்த டிரைவரின் குரலும் கேட்டது. “சரக்கு எச்சையா, நான் எச்சையா? எழுதிக் குடுக்கச் சொல்லு!”

தெலுங்கு டிரைவர்கள் தங்கள் வரியை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகப் போயிருந்தார்கள். கடைசி வரிவரைக்கும் தமிழில் படித்த முதல் ஆள் இவர்தான் போலிருக்கிறது. என்னைச் சீண்ட வைத்த சொல், அண்ணாவின் ஃபோல்டர் எந்நாளும் சுத்தமாக இருந்ததில்லை என்பதால், தவறாமல் அச்சாகியிருந்தது. ஆபீசில் நாங்கள் திரையில் பார்க்கும் சீட்டில், பதிப்பு எண் அச்சாகும் அந்தக் கடைசி வரி தெரியாது.

“இரு இரு, இந்த வார்த்தையை மட்டும் தூக்கிட்டு இப்பவே கட்டி அனுப்புறேன்” என்று அண்ணா லேப்டாப்பைத் திறந்தார்.

“அண்ணா, அதிலயே கட்டினா அது மண்டபத்துக்கு வரும்” என்றேன்.

அவர் கை மூடியின்மேல் நின்றது.

“பாப்பா சொல்றது கரெக்டு. மூடு அதை” என்றார் அக்கா. எழுத்தரிடம், “சார், அந்த டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, எங்க கணக்குல. புதுசு வர்ற வரைக்கும் கையால எழுதிக் குடுங்க. பத்திரிகை வைக்கிற ஊடு, கோவப்படாதீங்க” என்றார். எந்த வீடு, யார் பத்திரிகை என்று எழுத்தர் கேட்கவில்லை. சமாதானமாகிவிட்டார்.

என் கம்ப்யூட்டரில் காலி ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, சர்வரிலிருந்து சோர்ஸைப் புதிதாக இறக்கினேன். அண்ணாவின் கிண்டல் சொல்லை எடுத்துவிட்டேன். வேறு ஃபோல்டருக்கு எடுத்துப் போட்டுக் கட்டும்படி கருவியிடம் சொன்னேன். நின்றது. பிரிண்டருக்கான ஒரு ஃபைல் இல்லை என்றது.

“அது என் டவுன்லோடுல கீதும்மா” என்றார் அண்ணா.

“அங்க என்ன பண்ணுது அது?”

“எப்பவோ எறக்கினது. அங்கயே செட்டில் ஆயிடுச்சு.”

அதை சோர்ஸில் சேர்த்தோம். மறுபடி கட்டினோம். இந்தமுறை அரிசி ஆலையின் அமைப்பு இல்லாமல் நின்றது. ஸ்டீல் தொழிற்சாலையின் சீட்டு இவ்வளவு நாளும் அரிசி ஆலைச் சீட்டின் ஓர இடைவெளிகளைக் கடன் வாங்கித்தான் அளவாக விழுந்திருக்கிறது. அதையும் முறையாக ஒரு பெயர் வைத்து உள்ளே கொண்டுவந்தோம். அடுத்தமுறை தடையில்லாமல் கட்டி முடித்தது. அண்ணா கைதட்டினார். நான் ஆபீஸ் பிரிண்டரில் ஒரு சீட்டு அடித்துப் பார்த்தேன். தமிழ் வரிகள் அழகாக இருந்தன. தெலுங்கு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

அண்ணா சீட்டை வாங்கிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர்க்காரர், இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஆரம்பத்தில் தெலுங்கு இப்படிக் கேள்விக்குறிகளாக விழுந்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல் அவரே திருத்தியிருக்கிறார். நல்ல காரியம். ஆனால் திருத்தியது சோர்ஸில் சீட்டின் வரிகளை எழுதி வைத்திருக்கும் சொற்கோப்பை அல்ல. கட்டும்போது அதிலிருந்து கருவி உண்டாக்கும் ஃபைலை. அந்த ஃபைல் அவர் ஃபோல்டரில் பழைய மிச்சத்தோடு மிச்சமாகக் கிடந்ததால், கருவி புதிதாக உண்டாக்காமல் அதையே எடுத்துக்கொண்டது. அந்த ஃபோல்டரை யாராவது ஒருநாள் சுத்தம் செய்திருந்தால் அத்தனை தெலுங்கும் போயிருக்கும்.

“அதுக்குத்தான் நான் சுத்தமே பண்றதில்ல” என்றார் அண்ணா, அதை ஒரு கொள்கைபோல.

“சாமர்த்தியம்தான். உக்காந்து டைப் பண்ணு” என்றார் அக்கா.

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, சொற்கோப்பில் தெலுங்கு வரிகளை மறுபடி அடித்தார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடித்தார். ‘பருவு’ என்றால் எடை என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றையும் சர்வருக்கு அனுப்பினோம்.

என் கம்ப்யூட்டரில் கட்டினால் போதாது என்று எனக்குத் தோன்றியது. காலையிலிருந்து இதையே குடைந்துகொண்டிருந்ததால் அதிலும் ஏதாவது மிச்சம் ஒட்டியிருக்கலாம். பில் போடுவதைத் தவிர வேறெதற்கும் பயன்படாத அக்காவின் கம்ப்யூட்டரில் கட்டும் கருவியை ஏற்றினேன். சோர்ஸை இறக்கினேன்.

“அக்கா, என்டரை நீங்க அமுக்குங்க.”

“நானா? எதுனா வெடிக்குமா?”

“வெடிச்சா இவரு கல்யாணம்தான்.”

அக்கா நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டு அமுக்கினார். திரையில் வரிகள் ஓடின. அண்ணா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். ஓடி முடிந்ததும் பேக்கேஜ் மூன்றாவது ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருந்தது. சோர்ஸ் ஃபோல்டரில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கருவியைக் கேட்டேன். ஒன்றும் மாறவில்லை என்றது. சீட்டில் தமிழ் இருந்தது, தெலுங்கு இருந்தது, கீழே வெறும் பதிப்பு எண் மட்டும் இருந்தது. கேட்டுக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் எழுத்தர் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார். கூடவே ஒரு குரல்பதிவு: “இப்ப மரியாதையா கீதும்மா. கல்யாணச் சாப்பாடு உண்டா?”

அக்கா முதலாளிக்குப் போன் போட்டார். “சார், நான் கட்டிட்டேன் சார்” என்றார். எதை என்று புரியவைக்கக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அவர், “அப்போ பையன் சும்மா போய்ட்டு வரட்டும்” என்றார். லேப்டாப்பை அக்கா பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணா லீவில் இருந்தபோது ஸ்டீல் தொழிற்சாலையிலிருந்து இன்னொரு போன் வந்தது. சீட்டில் லாரி எண்ணைப் பெரிய எழுத்தில் போட வேண்டுமாம். நான் சோர்ஸில் மாற்றினேன், சுத்தமான நகலில் கட்டினேன், அனுப்பினேன். அண்ணாவின் எண்ணைத் தேடக்கூட இல்லை.

கல்யாணத்துக்கு நானும் அக்காவும் பேருந்தில் போனோம். மேடையேறி வாழ்த்தியபோது, கழுத்தில் மாலையோடு குனிந்து அவர் முதலில் கேட்டது, “எதுனா போன் வந்துச்சா?”

“வந்துச்சு” என்றேன். அவர் முகம் மாறியது. “லாரி நம்பரைப் பெருசாக்கச் சொன்னாங்க. மாத்தி, கட்டி, அனுப்பிட்டோம்.”

“என்கிட்ட சொல்லவே இல்லியே?”

“எதுக்குச் சொல்லணும்?”

மணப்பெண் எங்கள் இருவரையும் பார்த்து நன்றாகச் சிரித்தார். “இவங்கதானா அது? அக்கா, சாப்பிடாம போயிடாதீங்க” என்றார். பிறகு மாப்பிள்ளையின் முழங்கையை இடித்தார். “அங்க பாருங்க, போட்டோகிராபர் எவ்ளோ நேரம் நிப்பாரு?”

ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. அக்கா, நான், மணப்பெண் மூவரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அண்ணா மட்டும் என் பக்கம் திரும்பி, வாய் திறந்து, “டெஸ்ட் பண்ணிட்டுத்தானே அனுப்புனீங்க?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.