மீமிசல் கரையில் டெத் மெட்டல்

“...பேய் கத்துற மாதிரி இல்ல சித்தப்பா, இந்தப் பாட்டுக்குப் பேரு டெத் மெட்டல்!” என்கிறாள் மீன் ஏலம் சொல்லும் செல்வி. மீமிசல் கரைக்குப் படகுகள் வந்துவிட்டன. ஏலக்கடை அவள் சித்தப்பாவுடையது. இன்று சாயங்காலம் திருக்கோகர்ணத்து மண்டபத்தில் அவளுக்கு முதல் கச்சேரி. அவருக்கோ அது மானக்கேடு.

மீன் வாங்க வந்து டீ கிளாஸோடு நிற்கிற நான் வாயைச் சும்மா வைத்திருப்பேனா? “அது எங்கேருந்தும்மா வந்துச்சு?” என்கிறேன்.

“அமெரிக்காவுலதாண்ணே. மெட்டல்னு முரட்டு ராக் பாட்ட வேகமா வாசிச்சுக்கிட்டிருந்த பசங்க இன்னும் வேகமாக்கி, கிட்டாரு சுதிய எறக்கி, கொரலையும் அடிவயித்துக்கு எறக்கிட்டாங்க. அப்பறம் சுவீடன்காரங்க அதுல மெட்டச் சேத்தாங்க. இங்கிட்டு எங்க குழுவுல நாங்க தமிழச் சேக்குறோம்.”

“பொம்பளப் புள்ளைக்கு இந்தக் கொரலு எதுக்கு? மேடையேறுனா நாளைக்கு ஏலத்துக்கு வராத,” என்கிறார் சித்தப்பா.

“அடிவயித்துலேருந்து எடுக்கக் கத்துக்கிட்டதே இந்த ஏலத்துலதான். நாளைக்கென்ன, இப்பவே கேளுங்க!”

வியாபாரிகள் சுற்றி நிற்கிறார்கள். செல்வி ஐஸ் பெட்டிமேல் ஏறி, கால்களை அகட்டி நின்று, முதல் கூடை நண்டை அந்த உறுமல் குரலிலேயே ஏலம் விடுகிறாள்.