அரிசிப் பையும் ஒரு ‘ஆகட்டுங்க’வும்

தொண்ணூறுகளின் நடுவில் நான் காங்கேயத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்ததும் என் மார்பு வற்றிப்போயிருந்தது. ரவிக்கைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போவேன். ஒரு நாள் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினேன். கைக்குட்டை நழுவித் தரையில் விழுந்தது. முன் பெஞ்சில் கிளம்பிய சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவமானத்தில் உடம்பே கூசியது. மார்பைப் பெரிதாக்க ஆபரேஷன் செய்துகொள்வதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்ததே பெரிய பாடு. மாமியாரிடம் வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டு, இருவரும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டர் மெட்ராஸ்காரர். மார்புக்குள் வைக்கும் சிலிக்கான் பைகளில் இரண்டு அளவைக் காட்டினார். இருநூறு சிசி, முந்நூறு சிசி. எது பொருந்தும் என்று தெரிய ஒரு வழியும் சொன்னார். அதே அளவுக்கு அரிசியை அளந்து துணியில் கட்டி, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை பார்க்க வேண்டும்.

அப்படியே பள்ளிக்கூடம் போனேன். பெரிய பை, போர்டில் கை வைக்கும்போதெல்லாம் தன்னை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. தோள்பட்டை வலி வேறு. சின்னப் பையை வைத்த நாளில், மதியம் சாப்பிட உட்காரும்போது அது இருப்பதையே மறந்திருந்தேன். இதற்கு மேல் என்ன பரீட்சை வேண்டும்?

“சின்னதே போதுங்க” என்றேன் டாக்டரிடம்.

“உங்க உடம்புவாகுக்கு இது பத்தாதும்மா. முந்நூறு வச்சாத்தான் எடுப்பா இருக்கும். அப்புறம் வந்து வருத்தப்படாதீங்க” என்றார்.

“ஆகட்டுங்க” என்றேன்.

எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதுதான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் ஆகட்டுங்க என்போம். போகாமலும் இருப்போம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெரிய மனுசரின் முகத்துக்கு நேரே மறுக்காமலிருக்க நாங்கள் வைத்திருக்கும் சொல் அது. மெட்ராஸ்காரருக்கு இது எப்படித் தெரியும்?

ஆபரேஷன் அன்று காலை, தியேட்டருக்கு முன்னறையில் நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டு முடித்தார்கள். நர்ஸ் மேசையில் வைத்த டப்பாவில் எண்ணைப் படித்தேன். முந்நூறு.

“ஏனுங்க டாக்டர், இது பெருசுங்களே?”

“நீங்கதானேம்மா ஆகட்டும்னு சொன்னீங்க?”

“இல்லீங்க, நானு வந்துங்க...”

“பயமா இருக்கா? எல்லாருக்கும் வர்றதுதான். பழகிடும்.” நர்ஸ் மயக்க ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி, “நீங்க சொன்னாச் சரியா இருக்குமுங்க டாக்டர்” என்றார். எரிச்சலில் அழுகை முட்டியது. அந்த ஊசி ஏறிவிட்டால் என் வாய் மூடிவிடும். கண் விழிக்கும்போது என் உடம்பு இவர்கள் இருவரும் பேசி முடித்த உடம்பாக இருக்கும்.

“சின்னதுதானுங்க வேணுமுங்க” என்றேன். நர்ஸ் என் கையைப் பிடித்துத் தட்டி, நரம்பு தேடினார். நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

“வேண்டாம்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெரியவர்கள் யாரிடமும் அதுவரை அப்படி வெட்டிப் பேசியதில்லை. நர்ஸ் கையை விட்டார். வீட்டுக்காரரின் பார்வை கூரையிலிருந்து இறங்கி என் மேல் நின்றது. டாக்டர் என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இருநூறும் தருவிச்சு வச்சிருக்கேன்” என்றார் மெதுவாக.

“அதைக் கண்ணுல காட்டுங்க. அப்புறம் ஊசி போடுங்க.”

காட்டினார்கள். எண்ணை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையை நீட்டினேன்.

மாலையில் மயக்கம் தெளிந்தபோது வீட்டுக்காரர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். தண்ணீரை ஸ்பூனில் ஊட்டியபடி மெல்லக் கேட்டார்.

“ஏன் அம்மணி, அத்தனை பெரிய டாக்டர்கிட்ட ஒரு ‘ங்க’ போடாம ‘வேண்டாம்’னு சொல்லிப்போட்டியே?”

“நான் ‘ங்க’ போட்டிருந்தா, அவரு பெருசைப் போட்டிருப்பாருங்க” என்றேன்.