யாரையும் கேட்காமல் தொடங்கிய போர்

வாசகரே, இதற்கு நீங்கள் சாட்சியாக இருங்கள். என் சொல் எனக்குச் சாதகமாகச் சாய்ந்தால் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர்த் திருமண மண்டபம் ஒன்றில் பட்டிமன்றம். போர் தொடுக்கும் அதிகாரம் அதிபருக்கா, நாடாளுமன்றத்துக்கா என்பது தலைப்பு. நான் நாடாளுமன்றத்தின் பக்கம். அமெரிக்கச் சட்டத்தை விளக்கினேன்: அதிபர் படையை அனுப்பினால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மன்றம் ஒப்பாவிட்டால் அறுபது நாளில் போரை நிறுத்த வேண்டும். அதையும் அதிபர்கள் எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று காட்டி, "சாகப் போகிறவனைக் கேட்காமல் தொடங்கும் போர், அவனிடமிருந்து திருடிய போர்" என்று முடித்தேன். மண்டபம் அதிர்ந்தது. அந்த வாக்கியத்தை இரண்டு நாள் பழகியிருந்தேன்.

அதே வாரம் ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை வாசலில் கூட்டம். நான் சங்கத்தின் பேச்சாளன். கம்பெனிப் பேருந்துகளைக் குறைத்ததற்குக் கண்டனம் தெரிவிப்பது மட்டுமே எனக்கு இட்ட வேலை. வேலைநிறுத்தம் என்றால் பொதுக்குழு கூடி, கை உயர்த்தி முடிவெடுத்து, நிர்வாகத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எங்கள் விதி அது. கைதட்டல் ஏற ஏற என் குரலும் ஏறியது. "நாளை முதல் ஷிப்ட் உள்ளே போகாது" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். மேடையில் வளர்ந்தவன்தான் இப்படித் தவறுவான்.

மறுநாள் காலை பேருந்துகளிலிருந்து இறங்கியவர்கள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். என் லைனில் வேலை செய்யும், பட்டிமன்றம் கேட்க வந்திருந்த மண்ணூர் நண்பன் மட்டும் நின்றான்.

"இன்னாபா, அதிபரு கேக்காம சண்ட போடக் கூடாதுன்னு அன்னிக்கு பேசிக்கினு இருந்த. நீ யாராண்ட கேட்ட?"

"கை தட்டுனீங்களே?"

"நல்லா பேசுன, தட்னோம். அதுக்கு வேலைய வுடணுமா?"

அவனும் போனான்.

என்னோடு வெளியே நின்றவர் ஒருவர்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என் அறைத் தோழர், மனைவியை ஊரில் விட்டு வந்த பயிற்சித் தொழிலாளி. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. கூட்டத்துக்கு வராதவர், அறையில் நான் சொன்னதை நம்பியவர்.

"எல்லாரும் சேந்து எடுத்த முடிவுன்னுல்லா சொன்ன, மக்கா. இப்ப எல்லாவனும் உள்ள போறானே."

"நீங்களும் போயிருங்க" என்றேன். நேரம் கடந்திருந்தது. வாசலில் அவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றார்கள். எனக்கு விசாரணை வைத்தார்கள்; நிரந்தரத் தொழிலாளிக்கு அது உண்டு. பயிற்சியில் இருப்பவருக்கு அதுகூட இல்லை. அன்று மாலை அவர் மனைவியிடம் தொலைபேசியில், ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த பொதுக்குழுவில் நான் மேடை ஏறவில்லை. அவர் அருகே நின்று, எதையும் பழகாமல், எல்லோரும் கேட்கச் சொன்னேன்:

"அது உங்கள் முடிவல்ல, நான் தனியாக எடுத்தது. உங்கள் கை உயராமல் உங்கள் பெயரில் இனி எதையும் அறிவிக்க மாட்டேன். என் பொய்யை நம்பித்தான் இவர் வெளியே நின்றார் என்று விசாரணையில் எழுதிக் கொடுப்பேன். என் வேலை போனாலும் கொடுப்பேன்."