கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டு

மழை வந்துவிட்டது. ஏரிப் பக்கத்திலிருந்து கருகருவென்று ஏறி வந்து மண்ணை நன்றாக ஊறவைத்துவிட்டுப் போனது. ஊரில் எல்லார் காட்டிலும் மண்வெட்டிச் சத்தம். ஒகோலா குடும்பத்து வேலிக்குள் மட்டும் ஒருவரும் அசையவில்லை. இளைய மருமகள்கள் மில்காவும் தமாரியும் விதைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மூத்தவள் பெனின்னாவின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? மூத்தவள் முதல் விதையைப் போடாமல் இளையவர்கள் போடக்கூடாது. மூத்தவளோ விதவை. புருஷன் எலீஷா போன அறுவடை முடிந்த கையோடு செத்துப்போனான். செத்தவனின் முறைக்காரன் ஒருவன் விதவையை ஏற்று அவள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால்தான் அவள் விதைக்கலாம், கூரை மாற்றலாம், மகன் வீடு கட்ட இடம் காட்டலாம். மீறினால் சிரா என்கிற சாபம் பிடிக்கும். சிரா பிடித்த வீட்டில் பிள்ளைகள் காரணம் தெரியாமல் இளைத்து இளைத்துச் சாவார்கள். இதை நம்பாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. நம்பவில்லை என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு.

பெனின்னாவுக்கு இப்படி மாட்டிக்கொள்வது புதிதல்ல. பாவாடை வயசிலேயே இரட்சிக்கப்பட்டவள். கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்காதபோது குறிகாரனிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் வேலி வரை போனவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு அடி நகரவில்லை. பிறகு ஒயூகி பிறந்தான். பஞ்ச வருஷத்தில் ஊர்ப் பெண்களெல்லாம் சாராயம் காய்ச்சினார்கள். எலீஷாவே, "நீயும் ஒரு பானை வெச்சா என்னடி?" என்று கேட்டான். அவள் வைக்கவில்லை. கருவாட்டைத் தலையில் சுமந்து சந்தை சந்தையாக அலைந்தாள். 'ஸ்தோத்திரம் அம்மா' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை தோறும் இரட்சிக்கப்பட்டவர்கள் அத்திமரத்தடியில் கூடுவார்கள். ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரத்துப் பாவத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நினைத்தது, செய்தது எல்லாம். பெனின்னா ஒருமுறை மில்காவின் கோழியை மனசுக்குள் சபித்ததைக்கூட எழுந்து நின்று சொன்னாள். மில்கா அதைக் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது மில்கா சிரிக்கவில்லை. புருஷன் ஸப்லோனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஸப்லோன் எலீஷாவின் தம்பி.

"அண்ணி, யாரும் தங்க வேண்டாம். கோட்டு மட்டும் போதும்" என்றான்.

சபைக்காரர்கள் கண்டுபிடித்த வழி அது. முறைக்காரன் தன் கோட்டைக் கொண்டுவந்து விதவையின் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போவான். ராத்திரி முழுக்க அது அங்கே தொங்கும். விடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவனே தங்கியதாகக் கணக்கு.

"கரைமேட்டுல ஒரு சபை ஊழியர் கொழுந்தியாளுக்கே இப்படித்தான் பண்ணினாங்க. ஊர் வாயும் அடைஞ்சுது, கர்த்தருக்கும் கோபமில்ல."

"கோபமில்லன்னு கர்த்தர் உங்கிட்ட வந்து சொன்னாரா?"

"உங்க வாய்க்கு முன்னாடி நான் நிக்க முடியுமா? சரி, கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. கோட்டுக்குக் கையா காலா? அது தொங்கறதுல என்ன பாவம்?"

"அந்த மனுஷனை நான் ஏத்துக்கிட்டதா அர்த்தம். பொய்யாச்சே தம்பி."

மில்கா பொறுமையிழந்தாள். "அக்கா, நீங்க மோட்சத்துக்குப் போங்க, யாரும் தடுக்கல. நீங்க போற வரைக்கும் எங்க புள்ளைங்க பட்டினி கிடக்கணுமா? ஈரம் காயுது. காய்ஞ்சப்புறம் விதைச்சு நான் எதை அறுக்கறது, உங்க பாட்டுப் புஸ்தகத்தையா?"

பெனின்னாவுக்குச் சுருக்கென்றது. தமாரியின் கைக்குழந்தை வாசலில் மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, "யாரு கோட்டு?" என்று கேட்டுவிட்டாள்.

"நம்ம ஒபுயா."

ஒபுயா படகுக்காரன். எலீஷாவுக்குச் சித்தப்பா மகன். எலீஷா படுக்கையில் விழுந்தபோது சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் அவன். அடக்கம் முடிந்த பிறகும் மீன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, அதிகம் பேசாமல் போய்விடுவான். முதலில் பெனின்னா அதைக் கவனிக்கவில்லை. பிறகு அவன் சைக்கிள் மணி எந்தத் திருப்பத்தில் அடிக்கும் என்று காது தானாகவே தேட ஆரம்பித்தது. அவனுக்குப் பெண்டாட்டி இருந்தாள், அக்கரைத் துறையில், பிள்ளை குட்டிகளோடு.

"பார்க்கலாம்" என்றாள் பெனின்னா. ஸப்லோனுக்கு அது போதும்.

மறுநாள் காலையில் ஒபுயா துவைத்த கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "ஒயூகி அம்மா, ஆணி எங்க இருக்கு?" என்றான். கதவுக்குப் பின்னால் காட்டினாள். மாட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காலையில வந்து எடுத்துக்கறதுன்னு பேச்சு" என்றான் மெதுவாக. "இல்ல, இருட்டினதும் வரட்டுமா?"

அவன் கேலி செய்யவில்லை, வம்புக்கும் கேட்கவில்லை. அதனால்தான் வினையாகிப் போனது.

"இருட்டினதும் வாங்க" என்றாள் பெனின்னா.

அவன் போன பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்கினாள். பாயைத் தூக்கி வெயிலில் போட்டாள், யாராவது பார்ப்பார்களோ என்று உள்ளே இழுத்தாள், மறுபடி கொண்டுபோய்ப் போட்டாள். அடுப்பில் களி அடிப்பிடித்தது. காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், யாருக்காக இது என்று நினைத்ததும் கையை உதறினாள். ஜெபம் பண்ண முழங்கால் போட்டால், 'கர்த்தாவே' என்பதற்கு மேல் வாய் வரவில்லை. எப்படி வரும்? அவள் பார்வையெல்லாம் கதவுக்குப் பின்னால் இருந்தது.

ஊருக்காகத்தானே, பிள்ளைகள் பட்டினிக்காகத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே போய், தூசி தட்டப் போகிறவள்போல் கோட்டை எடுத்தாள். சோப்பு வாசனை. அடியில் மீனும் புகையும். முகத்தை அதில் புதைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ! எலீஷா போனதிலிருந்து யாரும் அவளைத் தொட்டதில்லை. ஐயோ, எவ்வளவு ஆசையாக இருந்தது அவளுக்கு! அது தெரிந்ததும் கோட்டைச் சட்டென்று முகத்திலிருந்து விலக்கினாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அத்திமரத்தடிக்கு விடுவிடுவென்று நடந்தாள். கூட்டம் தொடங்கியிருந்தது. அவள் எழுந்ததும் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்; இன்றைக்கு எந்தக் கோழியோ என்று.

"எங்க வீட்டுல ஒரு கோட்டு மாட்டியிருந்துச்சு. விதைப்புக்காகன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். பொய். எனக்கு அந்த மனுஷன் வேணும். அவருக்குப் பொண்டாட்டி இருக்கா. இருட்டினதும் வாங்கன்னு என் வாயாலேயே கூப்பிட்டேன். இதோ கோட்டு."

யாரும் பாட்டு எடுக்கவில்லை. வழக்கமாக ஒருவர் சொல்லி முடித்ததும் துதிப்பாட்டு எழும்பும். இன்றைக்கு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கூட்டத்தை நடத்தும் ரிஸ்பா தொண்டையைச் செருமினாள். "கோட்டோட நிறுத்தியிருக்கலாமே பெனின்னா. மத்ததையெல்லாமா இங்க சொல்லுவாங்க? ஆம்பளைங்கல்லாம் இருக்காங்க."

"வேற எங்க போய்ச் சொல்றது?" என்றாள் பெனின்னா.

அங்கிருந்து நேராக ஏரிக்கரைக்குப் போனாள். ஒபுயா வலை பிரித்துக்கொண்டிருந்தான். சுற்றி நாலு ஆண்கள். அத்தனை பேர் முன்னாலும் கோட்டை நீட்டினாள்.

அவன் எழுந்தான். "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா, ஒயூகி அம்மா?"

"இல்ல. நான்தான் வாங்கன்னேன். இப்ப வேண்டாங்கிறேன்."

"சிராவுக்குப் பயமில்லையா உங்களுக்கு?"

"இருக்கு. அதைவிட உங்களப் பார்த்தாத்தான் பயம். இனிமே மீன் கொண்டு வராதீங்க." திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தாள். பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரிலும், தன் காட்டில் இறங்கி விதைத்தாள். மில்கா வேலியோரம் ஓடிவந்து அலறினாள். "பாவி! ஒயூகி ஒத்தப் பிள்ளையாச்சே! அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்ககிட்ட வந்து அழாதீங்க!"

ஒயூகி மொம்பாசா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். 'அவனை விட்டுடும் ஆண்டவரே, எது வந்தாலும் என் மேல வரட்டும்' என்று பெனின்னா முணுமுணுத்துக்கொண்டே குழி போட்டாள். பாதி வரப்பில் அவளுக்கே உறைத்தது: சிராவை நம்புகிறவள் பண்ணும் ஜெபம் அல்லவா இது? வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேறு ஜெபம் வரவில்லை.

மாலைக்குள் மில்கா தமாரியிடம், "மூத்தவ போட்டாச்சு. பாவம் அவ தலையில. நம்ம விதைக்கு என்ன?" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு காட்டில் இறங்கினாள். ஆக, பிள்ளைகள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. பெனின்னாவின் ஒழுகும் கூரைமேல் ஏற மட்டும் ஒரு ஆண் வரவில்லை. மழை பெய்தால் பாயை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு திரிந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு ஒயூகி வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்க, இருமிக்கொண்டு நின்றான். மில்கா பெனின்னாவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுச்சளி என்று மாத்திரை கொடுத்தார்கள். பெனின்னா பாலும் மீனும் கஞ்சியுமாக ஊட்டினாள். ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனே கேட்டான்.

"அம்மா, ஸப்லோன் சித்தப்பா எல்லாம் சொன்னாரு. இப்பவாவது அந்தக் கோட்டைத் தொங்கவிட்டா என்னம்மா? ஒரே ஒரு ராத்திரி. எனக்காக."

ஊர் கேட்டபோது வாயாடினாள். ஒபுயா கேட்டபோது ஓடினாள். இவன் கேட்டதும் மற்றொரு கையால் அவன் தலையைத் தடவினாள்.

"வேற எது வேணாலும் கேளுடா கண்ணா" என்றாள். "அது முடியாது."

"நான் செத்தாலும் பரவாயில்லையா?"

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள். இருமல் கொஞ்சம் குறைந்ததும் அவன் அவளிடம் சொல்லிக்கொள்ளாமலேயே பஸ் ஏறிப் போனான். கடிதாசும் இல்லை. இன்றைக்கும் சாலையில் பஸ் நின்றால் அவள் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். இறங்குபவர் யார் என்று தெரிந்த பிறகுதான் உட்காருகிறாள்.

வியாழக்கிழமை மட்டும் தவறுவதில்லை. அத்திமரத்தடியில் அவள் முறை வரும்போது யாரும் இப்போது வாயைப் பொத்துவதில்லை.

"இந்த வாரமும் நினைச்சேன், கோட்டைக் கேட்டு வாங்கி மாட்டிரலாமான்னு" என்கிறாள். "மாட்டல."

சொல்லிவிட்டு உட்காருகிறாள்.